அரப்புத் தேய்த்துக் குளித்த கிளட்ச்

மஞ்சவாடிக் கணவாயைப் பின்பக்கமாக ஏறிய குடும்பம் எங்களுடையது ஒன்றுதான். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு என் வீட்டுக்காரரைப் பார்ப்பார்கள். அவர் தலையை ஆட்டியதும் சிரிப்பு நின்றுவிடும். என் வாய்ப்பேச்சை நம்பாமல் அவர் தலையாட்டலை நம்புகிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால்தான் நானே உட்கார்ந்து எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். இதில் என் தப்பும் இருக்கிறது, என் கெட்டிக்காரத்தனமும் இருக்கிறது. இரண்டையும் குறைக்காமல் எழுதுகிறேன்.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். எங்களுக்கு வீடு என்பது ஒரு பழைய லாரி. எவனோ ஒரு துரை ஓட்டித் தேய்த்துவிட்டுப் போன வண்டி. அதன் முதுகில் பலகையடித்து ஓர் அறை கட்டியிருந்தோம். அறையில் பாதி குடித்தனம், பாதி இருட்டறை. என் வீட்டுக்காரர் போட்டோ பிடிக்கிறவர். சேலத்திலிருந்து அரூர் வரைக்கும் சந்தை, கல்யாணம், திருவிழா என்று ஊர் ஊராகப் போவோம். மாசி மாதம் தீர்த்தமலை அடிவாரத்தில் பத்து நாள் கிடப்போம். எங்களைக் கண்டதும் ஜனங்கள் "வூட்டு மோட்டாரு வந்திருச்சு" என்று கூடிவிடுவார்கள்.

அந்த வண்டி சுமந்த பாரத்தை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது. படம் பிடிக்கும் கண்ணாடித் தகடுகள் பெட்டி பெட்டியாக, ஒரு டிரம் தண்ணீர், அரண்மனைப் படிக்கட்டு எழுதிய திரை, அதற்கு முன்னால் போட ஒரு தேக்கு நாற்காலி, கட்டில், அம்மி, ஆட்டுக்கல். அந்த ஆட்டுக்கல்லைப் பற்றி எங்களுக்குள் ஓயாத வழக்கு.

"மோட்டாருல எவளாச்சும் ஆட்டுக்கல்லு ஏத்துவாளா?" என்பார்.

"தோசை திங்கறப்ப இது தோணறதில்லையே உங்களுக்கு" என்பேன்.

படம் எடுப்பது அவர். இருட்டறையில் தகட்டைக் கழுவிப் படத்தைத் தாளில் இறக்குவது நான். பாதி வேலை என் கையில் நடந்தாலும், படத்தின் முதுகில் விழுகிற ரப்பர் முத்திரையில் அவர் பெயர் மட்டும்தான் இருக்கும். அதில் வருத்தம் உண்டா என்று கேட்டால், உண்டு. மற்றபடி நல்ல மனுஷன், அதிர்ந்து பேசமாட்டார். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. படத்தின்மேல் விரல் பட்ட தடம் இருந்தால், எவ்வளவு நல்ல படமானாலும் கிழித்துப் போட்டுவிடுவார்.

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், ஓர் அம்மா எங்கள் வண்டியைத் தன் புளியமரத்தடியில் ஒரு வாரம் நிறுத்த இடம் கொடுத்தாள். புருஷனில்லாதவள். கேழ்வரகும் சோளமும் போடுகிற நிலம், ஒரு கிணறு, இருபது வயதில் ஒரே மகன். அவனுக்குப் படம் எடுத்துக்கொள்ளக் கொள்ளை ஆசை. ஒரு நாள் தலையைப் படிய வாரிக்கொண்டு வந்து எங்கள் தேக்கு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். சோளக்காட்டிலிருந்து அந்த அம்மா ஓடி வந்து, கையைப் பிடித்து இழுத்து எழுப்பிவிட்டாள்.

"படம் புடிச்சா ஆயுசு கொறையுமுங்க. எனக்கு இருக்கறது ஒருத்தன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்படீன்னா சேலத்துல பாதிப் பேரைக் கொன்னது எங்க வூட்டுக்காரருதானுங்களா?" என்று கேட்டேன். அவள் மகனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நாங்கள் கிளம்பும்போது இரண்டு படி கேழ்வரகை வண்டியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். கோபித்துக்கொண்டவளுக்கு அதை வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

அது முடிந்து ஒரு வருஷம். ஆயுத பூஜை வந்தது. சேலத்தில் ஒரு தோப்பில் வண்டியை நிறுத்தியிருந்தோம். என் வீட்டுக்காரர் கியர்ப்பெட்டியைப் பார்ப்பதற்காக டிரைவர் காலடிப் பலகையைக் கழற்றியவர், பார்த்து முடித்ததும் அதை மூடாமலே பொரிகடலை வாங்கக் கடைக்குப் போய்விட்டார். நான் காமிரா, முக்காலி, ஸ்பானர், அரிவாள்மணை எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவள், திறந்து கிடந்த பலகைக்குள் எட்டிப் பார்த்தேன்.

கிளட்ச் என்பது இஞ்சினின் சுழற்சியைக் கியரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிற இடம். எங்கள் பழைய வண்டியில் அது ஒரு கூம்பு இரும்பு, அதைச் சுற்றி ஒரு தோல்பட்டை. பெடலிலிருந்து காலை எடுத்தால் அந்தத் தோல் போய் இஞ்சின் சக்கரத்தைக் கவ்வும். கவ்வினால்தான் வண்டி நகரும். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு என் கண்ணுக்குத் தெரிந்தது, காய்ந்து வெடித்துக் கிடக்கிற ஒரு தோல். அவ்வளவுதான்.

என் பிறந்த வீடு இண்டூர்ப் பக்கம். மாடு கட்டி, கவலை ஏற்றத்தில் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற குடும்பம். தண்ணீர் மொள்ளுகிற தோல் பறி காய்ந்துபோனால் பாதித் தண்ணீர் வழியிலேயே ஒழுகிவிடும். அதனால் ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் பறிக்கு விளக்கெண்ணெய் ஊற வைப்போம், அது என் வேலை. பத்து வயதிலிருந்து செய்த கை. காய்ந்த தோலைப் பார்த்துவிட்டுச் சும்மா போகுமா? ஓர் உழக்கு விளக்கெண்ணெயை ஊற்றி, மூன்று தடவை அழுத்தித் தேய்த்தேன். தோல் பளபளவென்று ஆனது. ஒரு குங்குமப் பொட்டும் வைத்தேன். அவர் வருவதற்குள் பலகையையும் மூடிவிட்டேன். இந்த மனுஷனுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று பெருமையாகவும் இருந்தது.

அன்று சாயங்காலம் அரூர் பஸ்ஸின் டிரைவர் வந்து ஒரு சேதி சொன்னார். "அந்தப் புளியமரத்து அம்மா சொல்லியனுப்பினாங்க. மவன் பட்டாளத்துல சேந்துட்டானாம். நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி ரயிலுக்குப் பொம்மிடியில ஏறுறானாம். ஆத்தாளும் மவனும் ஒண்ணா நிக்கற மாதிரி ஒரு படம் வேணுமாம். அவன் கையோட எடுத்துக்கிட்டுப் போவணுமாம். எப்படியாச்சும் வந்துருங்கன்னு சொல்லச் சொன்னாங்க."

படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று பயந்தவள், மகன் போகிற இடத்தை நினைத்த பிறகு அந்தப் பயத்தையே ஓரத்தில் வைத்துவிட்டாள். பையன் திரும்பி வந்தானா இல்லையா என்று கடைசி வரைக்கும் உங்களைத் தவிக்கவிட எனக்குப் பிடிக்கவில்லை. வந்தான், முழுசாகத்தான் வந்தான். ஆனால் அன்றைக்கு அது எங்கள் யாருக்கும் தெரியாது. ஐந்து மணி ரயிலுக்குள் அந்தப் படம் அவன் கைக்குப் போயாக வேண்டும் என்பது மட்டும்தான் தெரியும்.

விடியற்காலையில் கிளம்பினோம். சமதரையில் வண்டி ஒழுங்காகத்தான் போனது. கணவாய் ஏற்றம் தொடங்கியதும் இஞ்சின் அலறியது, வண்டி மட்டும் நின்ற இடத்தில் நின்றது. பிறகு மெல்லப் பின்னால் சரிந்தது. அவர் பிரேக்கைப் பிடிக்க, நான் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் கொடுத்தேன். அப்போது காலடிப் பலகையிலிருந்து ஒரு வாசனை வந்தது. விளக்கெண்ணெய் காய்கிற வாசனை. முந்தின நாள் நான் செய்த வேலை எனக்குப் புரிந்துவிட்டது.

சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் இறங்கி வந்து, "உன் ஆட்டுக்கல்லு பண்ற வேலை இது" என்றார். அவ்வளவுதான், என் வாய் மூடிக்கொண்டது. பழி என் கல்லின்மேல் விழுந்ததும் எனக்கு வீம்பு வந்துவிட்டது.

அந்த நேரம் சித்தேரி மலைக்காரர் ஒருவரும் அவர் பெண்சாதியும் கடுக்காய் மூட்டைகளோடு கணவாய் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கை கொடுத்தார்கள். ஆட்டுக்கல் இறங்கியது. அம்மி இறங்கியது. கட்டில், அரண்மனைத் திரை, தேக்கு நாற்காலி எல்லாம் சாலையோரத்துக்குப் போயின. மறுபடி ஸ்டார்ட் செய்தார். அதே அலறல், அதே சரிவு. இரண்டு மணி நேரம் போய்விட்டது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"தண்ணி டிரம்மையும் தகடு கழுவற சாமானையும் எறக்கிடலாம். காமிரா மட்டும் போதும், படத்தை எடுத்துக்கிட்டு வந்து அப்புறமாக் கழுவிக்கலாம்" என்றார்.

அதை இறக்கினால் படம் எடுக்கலாம், பையன் கையில் கொடுக்க முடியாது. என் வீம்புக்காக அந்த அம்மா கேட்ட ஒரே பொருள் அவளுக்கு இல்லாமல் போகப் போகிறது. டிரம்மில் கை வைத்தவரைத் தடுத்தேன்.

"ஏங்க, அதைத் தொடாதீங்க. பாரம் இல்லீங்க. நான்தான் கிளச்சுத் தோலுக்கு எண்ணெ வெச்சேன்."

"என்ன எண்ணெ?"

"விளக்கெண்ணெ. ஒரு உழக்கு."

அவர் பலகையைக் கழற்றிப் பார்த்தார். பளபளக்கிற தோலையும் அதன்மேல் இருந்த குங்குமத்தையும் பார்த்தார். அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று நின்றேன். "தோலு வழுக்கினா எப்படிப் புடிக்கும் புள்ள?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அந்தச் சாந்தமான கேள்வி தாங்கவில்லை, அழுதுவிட்டேன்.

அழுகை ஒரு நிமிஷம்தான். எனக்கு அழுதுகொண்டே யோசிக்கத் தெரியும். எண்ணெய் வைத்த தலையை நாம் என்ன செய்வோம்? அரப்புப் போட்டுத் தேய்ப்போம். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கென்று ஒரு டப்பா நிறைய அரப்புத் தூள் வண்டியில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்து காலடிப் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பெடலை மிதிச்சுக்கிட்டு இருங்க" என்றேன். மிதித்தால் தோல் விலகி நிற்கும். தண்ணீர் தொடாமல், வெறும் தூளை அள்ளி அள்ளித் தோலில் அப்பித் தேய்த்தேன். தூள் எண்ணெயைக் குடித்துப் பச்சைச் சேறாக வந்தது. துணியால் வழித்து எறிந்துவிட்டு மறுபடி தேய்த்தேன். மலைக்காரர் பெண்சாதி பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள்.

"மோட்டாருக்குத் தலைக்கு ஊத்தறீங்களா?"

"ஆமா. நேத்து எண்ணெ வெச்சு வுட்டுட்டேன்."

அவள் சிரித்த சிரிப்பு கணவாய் முழுக்கக் கேட்டிருக்கும். டப்பா காலியானதும் அடுப்புச் சாம்பலைச் சலித்துத் தோல்மேல் தூவினேன். என் கை இரண்டும் முழங்கை வரைக்கும் கறுத்துவிட்டது, எதைப் போட்டுக் கழுவியும் ரேகைக்குள் போன கறுப்பு மட்டும் போகவில்லை.

மறுபடி ஸ்டார்ட் செய்தார். தோல் கவ்வியது. வண்டி பத்தடி ஏறியது. எனக்குக் கூத்தாட வேண்டும் போலிருந்தது. பதினோராவது அடியில் மறுபடி வழுக்கியது. முக்கால்வாசி எண்ணெய்தான் போயிருந்தது, மேலே ஏற்றமோ இன்னும் செங்குத்து.

இந்த இடத்தில் என் வீட்டுக்காரருக்குச் சேர வேண்டிய புகழை நான் மறைக்கக் கூடாது. அவர் கியர்க் கம்பைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தார். பிறகு, "இருக்கறதிலேயே மெதுவான கியரு எது தெரியுமா? ரிவர்ஸ். அதுக்குத்தான் பலம் அதிகம். பின்னால போனா இந்தத் தோலே தாங்கும்" என்றார்.

சாலை அகலமாக இருந்த வளைவில் நாலு பேருமாகத் தள்ளி வண்டியைத் திருப்பினோம். இப்போது எங்கள் வீட்டு வாசல் மலையைப் பார்த்து நின்றது, இஞ்சின் பள்ளத்தைப் பார்த்தது. ஓட்டுகிறவருக்குப் பின்னால் ஒன்றும் தெரியாது, நாங்கள் கட்டிய அறை மறைக்கும். அதனால் வழி சொல்ல வேண்டியவள் நான். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பின்வாசல் படியில் ஏறி நின்று, கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். ஆட்டுக்கல்லையும் மற்றதையும் பார்த்துக்கொள்வதாக மலைக்காரர் சொன்னார். கல்லை மறுபடி ஏற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு நான் காட்டிய பெரிய பெருந்தன்மை அதுதான்.

வண்டி முனகிக்கொண்டு பின்னால் ஏறியது. மனுஷன் நடக்கிற வேகம்கூட இல்லை, ஆனால் ஏறியது. "வலது! இன்னும் வலது! போதும், நேரா வுடுங்க! இடது பக்கம் பள்ளம், இடது பக்கம் பள்ளம்!" என்று கத்திக்கொண்டே போனேன். நான் சொன்னதை அவர் ஒரு வார்த்தை மறுக்காமல் கேட்டது எங்கள் குடும்பத்தில் அதுவே முதல் தடவை. எதிரே வந்த கட்டைவண்டிக்காரர் மாட்டை ஓரங்கட்டிவிட்டு, வீடு ஒன்று வாசலை முன்னால் நீட்டிக்கொண்டு, வாசலில் ஒரு பெண்பிள்ளையோடு மலையேறி வருவதை வாயைப் பிளந்து பார்த்தார். நான் அவருக்குக் கும்பிடு போட்டேன். உச்சிக்கு வந்ததும் வண்டியை நிறுத்தி என் வீட்டுக்காரர் ஹாரனை அழுத்தினார், விடவே இல்லை. நானும் படியில் நின்று கூச்சல் போட்டேன். கேட்க ஆளில்லாத காடு என்பதால் ஆசைதீரப் போட்டேன்.

வண்டியைத் திருப்பி நேராக ஓட்டிக்கொண்டு புளியமரத்தடிக்குப் போனபோது மணி இரண்டரை தாண்டிவிட்டது. மாட்டு வண்டி பூட்டித் தயாராக நின்றது. பையன் வெள்ளைச் சட்டையில் டிரங்குப் பெட்டியோடு நின்றான். அந்த அம்மா என் கோலத்தைப் பார்த்துவிட்டு, "வந்துட்டியா கண்ணு" என்று என் கறுத்த கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரையும் இல்லை, நாற்காலியும் இல்லை. புளியமரத்துக்கு முன்னால் இருவரையும் நிற்க வைத்தார். அவள் மகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். காமிராவைப் பார்த்ததும் பிடி இறுகியது, ஆனாலும் கண்ணை மூடவில்லை. ஒரே தகடு, ஒரே படம்.

"இனிமே கழுவி, காய வெச்சு, தாளுல போட நேரமில்லீங்களே" என்றார் என் வீட்டுக்காரர். மாட்டு வண்டி அப்போதே கிளம்பினால்தான் ரயிலைப் பிடிக்கும்.

"மாட்டை அவுருங்க. எல்லாரும் மோட்டாருல ஏறுங்க" என்றேன். "நீங்க ஓட்டுங்க, போறப்பவே நான் கழுவறேன்."

அந்த அம்மா அதுவரை மோட்டாரில் உட்கார்ந்ததில்லை. கட்டில் இருந்த இடத்தில் தாயும் மகனும் தரையில் உட்கார்ந்தார்கள். நான் பலகைக்கு இந்தப் பக்கம், இருட்டறைக்குள். வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் குலுங்க, தட்டிலிருந்த மருந்துத் தண்ணீர் என் மடியில் தெறித்தது. சிவப்பு விளக்கில் தகட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "கண்ணு, என் மவன் வந்துட்டானா?"

"வந்துட்டாருங்கம்மா. சட்டை நல்லாத் தெரியுது. நீங்கதான் இன்னும் வரக் காணோம்."

"நான் எங்க போயிட்டேன், இங்கதான இருக்கறேன்" என்றாள். பையன் சிரித்தான். கொஞ்ச நேரத்தில் அவள் முகமும் தகட்டில் எழுந்தது, கண்கள் நன்றாகத் திறந்திருந்தன. "வந்துட்டீங்கம்மா" என்று கத்தினேன்.

பொம்மிடி ரயிலடியில் வண்டி நின்றபோது தூரத்தில் ரயில் ஊதியது. ஈரத் தகட்டின்மேல் ஈரத் தாளை ஒட்டக் கூடாது என்பது என் வீட்டுக்காரரின் சட்டம். ஒட்டினேன். லாந்தரை உயர்த்திப் பத்து எண்ணினேன். தாளை மருந்துத் தண்ணீரில் போட்டதும் இருவரும் வந்தார்கள். டிரம் தண்ணீரில் இரண்டு தடவை அலசிவிட்டு, சொட்டச் சொட்ட எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ரயில் நகரத் தொடங்கியிருந்தது. ஜன்னலுக்கு நீண்ட கையில் படத்தைக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் கவனித்தேன், படத்தின் கீழ்மூலையில் என் கட்டைவிரல் ரேகை கறுப்பாக, முழுசாகப் பதிந்திருந்தது. அவன் அதையெல்லாம் பார்க்கவில்லை. "ஈரம், ஈரம், மடிச்சுராதீங்க" என்று கத்தினேன். அவன் படத்தை ஓரத்தில் பிடித்து, காற்றில் காயும்படி ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டான். அந்த அம்மா அழுதுகொண்டே பார்த்தாள். ரயில் வளைகிறவரைக்கும் அந்தக் கையும் படமும் தெரிந்தன.

மறுநாள் அவளுக்கும் ஒரு படம் போட்டுக் கொடுத்தோம், சுத்தமாக, முத்திரையோடு. திரும்பும் வழியில் ஆட்டுக்கல்லும் பத்திரமாகக் கிடைத்தது.

சண்டை முடிந்து ஒரு மாசியில், தீர்த்தமலையில் தாயும் மகனும் எங்கள் வண்டியைத் தேடி வந்தார்கள். அவன் பர்ஸிலிருந்து அந்தப் படத்தை எடுத்துக் காட்டினான். சரியாக அலசாததால் ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்தது. இரண்டு முகங்களும் அப்படியே இருந்தன. கட்டைவிரல் ரேகையும் அப்படியே இருந்தது. என் வீட்டுக்காரர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். முதுகு வெறுமையாக இருந்தது.

"அவசரத்துல முத்திரை போடலியே, இருங்க" என்று உள்ளே போய் ரப்பர் முத்திரையை எடுத்து வந்தார்.

"அது முன்பக்கமே இருக்குதுங்களே" என்று பையன் மூலையைக் காட்டினான். "பட்டாளத்துல ராத்திரில எடுத்துப் பார்ப்பேனுங்க. ஆத்தா மூஞ்சியப் பார்ப்பேன், அப்பறம் இந்த வெரலப் பார்ப்பேன். எனக்காக யாரோ ஓடிவந்தாங்கன்னு தோணுமுங்க."

என் வீட்டுக்காரர் படத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். முத்திரையை எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டியிலேயே திரும்ப வைத்துவிட்டார்.